வெடிக்காத குழி

அத்தியாயம் பன்னிரண்டு

அன்று காலை வசந்தாமணி பால் ஊற்றப் போகவில்லை.

கறந்த பாலோடு வாசல்வரை வந்தவள், தார்ச்சாலை வளைவில் அந்த வெள்ளைக் கார் நிற்பதைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிவிட்டாள். கொஞ்ச நாளாகவே அது வருகிறது. கண்ணாடி இறங்காது. உள்ளே இருப்பவர்கள் எதுவும் பேசுவதில்லை. அவள் நடந்தால் பின்னால் மெதுவாக உருண்டு வரும். அவள் நின்றால் நிற்கும்.

"ஆரும்மா அது?" என்று உள்ளிருந்து தனப்பிரியா கேட்டாள்.

"ஆருமில்ல சாமி. நீ ஜன்னல்கிட்ட வராத."

நிறைமாதக்காரியான மகளிடம் வேறு எதைச் சொல்ல முடியும்? பிரசவத்துக்கென்று பிறந்த வீட்டுக்கு வந்தவள் அவள். ஒரு மத்தியான நேரம் கல்குவாரியில் வைத்த வெடியில் பறந்து வந்த கல் கூரையைப் பிளந்துகொண்டு அவள் படுத்திருந்த கட்டிலில் விழுந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்ததால் இன்று உயிரோடு இருக்கிறாள். அந்தக் கல்லைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டுதான் வசந்தாமணி சேலத்துக்கு பஸ் ஏறி, வக்கீல் வினோலியாவின் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள்.

குவாரி நடத்தும் வெங்கடாசலம் வேற்று ஆள் இல்லை. அவள் கணவன் கந்தப்பனின் பெரியப்பா மகன். கல்யாணம், காதுகுத்து, பொங்கல் எதுவானாலும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். சென்னையில் இருக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தில் அவர்மேல் மனு போட்ட நாளிலிருந்து கந்தப்பன் மனைவியோடு பேசுவதில்லை. சோறு போட்டால் சாப்பிடுவான். கை கழுவிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவான்.

தீர்ப்பாயம் முதல் விசாரணையிலேயே இரண்டு காரியம் செய்திருந்தது. மறு உத்தரவு வரும்வரை குவாரியில் வெடி வைக்கக் கூடாது, கல் எடுக்கக் கூடாது என்று தடை போட்டது. கோட்டாட்சியர், கனிமவளத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூன்றும் சேர்ந்த கூட்டுக் குழு நேரில் போய் அளந்து பார்த்து அறிக்கை தர வேண்டும் என்றும் சொன்னது.

அந்தக் குழு இன்று வருகிறது.

"அண்ணன் வருமாம்மா?" என்றாள் தனப்பிரியா.

"அவனெதுக்கு? பட்டறையில லீவு குடுக்க மாட்டாங்க."

தங்கையின் கட்டிலில் கல் விழுந்த அன்றே குணசீலன் குவாரி வேலையை விட்டுவிட்டான். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் சேர்ந்திருப்பதாகச் சொல்லியிருந்தான். தினமும் காலையில் சோற்றுப் போசியை வண்டியில் மாட்டிக்கொண்டு போவான். இன்றும் அப்படித்தான் போனான். போகும்போது அம்மாவின் முகத்தை அவன் பார்க்கவில்லை என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

வினோலியா வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். முப்பதைத் தொடாத வயது. சேலம் அம்மாபேட்டையிலிருந்து வெயிலில் ஓட்டி வந்ததில் முகம் சிவந்திருந்தது.

"கிளம்பலாமாம்மா? அதிகாரிங்க ரோட்டுக்கு வந்துட்டாங்க."

"பயமா இருக்குதுங்க வக்கீலம்மா."

"எனக்கும்தான் இருக்கு," என்றாள் வினோலியா. சிரிக்கவில்லை. "ரெண்டு பேரும் சேந்தே நிப்போம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

கந்தப்பன் மாட்டுக் கொட்டகை ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தோட்டத்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

*

குவாரியை உள்ளே இறங்கி வசந்தாமணி இதுவரை பார்த்ததில்லை. வேலியோரம் நின்று பார்த்ததுதான். இப்போது டிப்பர் போகும் சரிவுப் பாதையில் இறங்க இறங்க வானம் சுருங்கிக்கொண்டே வந்தது. அடியில் பச்சையாகத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. நான்கு பக்கமும் செங்குத்தாகப் பாறை. யாராவது இருமினால்கூடச் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்தது.

தண்ணீருக்கு மேலே அகலமாக ஒரு பாறைத் தட்டு. அதில்தான் குழு நின்றது. கோட்டாட்சியர் கண்டிப்பான முகமுள்ள ஒரு பெண். சர்வேயர் முக்காலியை ஊன்றி வரைபடத்தைப் பிரித்தார். குவாரி மேலாளர் அன்பழகன் ஒவ்வொரு கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொன்னான். வெங்கடாசலம் கீழே இறங்கவே இல்லை. மேலே, பாதை தொடங்கும் இடத்தில், குடை பிடித்தபடி நின்றார்.

"எல்லாம் பர்மிட்டுல இருக்கற எடந்தானுங்க மேடம்," என்றான் அன்பழகன். "இன்னும் குத்தகைக் காலம் பாக்கி இருக்குது. கலெக்டர் ஆபீஸ் உத்தரவு, சுற்றுச்சூழல் அனுமதி, வெடி லைசென்ஸ் எதுல கொற இருக்குதுன்னு சொல்லுங்க."

"அனுமதி இருக்கா இல்லையாங்கறது இங்க கேள்வியே இல்லீங்க," என்றாள் வினோலியா. "எதுக்கு அனுமதி, எந்த எல்லை வரைக்கும் அனுமதி, அதான் கேள்வி. அனுமதி குடுத்தது பட்டா நிலத்துக்கு. வடக்கால இருக்கற பாறைக்கரடு அரசாங்கப் புறம்போக்கு. அதையும் உடைச்சு வீடுங்களுக்குக் கிட்ட வந்துட்டீங்கன்னுதான் மனு."

கனிமவளத் துறை அதிகாரி வடக்குச் சுவரைப் பார்த்தார். அங்கே பாறை தெரியவில்லை. மேலிருந்து சரிந்த கல்லும் மண்ணும் ஒரு குன்றாகக் குவிந்து, சுவரின் பாதியை மறைத்திருந்தன.

"எல்லைக்கல் இதுக்குப் பின்னாலதான் வரணும் சார்," என்றார் சர்வேயர். "மூடிக்கெடக்கு."

"இது எப்ப சரிஞ்சது?"

"போன மழைக்குங்க," என்றான் அன்பழகன்.

அதிகாரி குனிந்து ஒரு கல்லை எடுத்தார். உடைந்த முகம் வெள்ளையாக, புதிதாக இருந்தது. அதைக் கோட்டாட்சியரிடம் காட்டினார்.

அப்போதுதான் வசந்தாமணி அவனைப் பார்த்தாள்.

வேலையாட்கள் சிலர் நிழலில் ஒதுங்கி நின்றிருந்தார்கள். ஒருவன் மட்டும் தலையோடு சேர்த்து முகத்தையும் துண்டால் சுற்றியிருந்தான். இடது தோளைச் சற்று இறக்கி நிற்கும் அந்த நிற்பு. பெற்றவளுக்கு முகம் எதற்கு?

அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. பட்டறை என்றானே. தினமும் சோறு கட்டிக் கொடுத்தேனே.

"அங்க நிக்கற ஹிட்டாச்சிய எடுக்கச் சொல்லுங்க," என்று கோட்டாட்சியர் சொல்வது எங்கோ தூரத்தில் கேட்டது. "இந்தக் குவியல அள்ளிப் போடட்டும். எல்லைக்கல்லப் பாத்துட்டுத்தான் போறோம்."

"டிரைவர் வரலீங்க மேடம்."

"அதோ ஏறி உக்காந்திருக்காரே."

அன்பழகனின் கன்னத்தில் வேர்வை வழிந்தது. "மிசின் ரிப்பேருங்க..."

ஓட்டுநருக்கு அது கேட்கவில்லை. அதிகாரிகள் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து இயந்திரத்தைக் கிளப்பிவிட்டான். இரும்புச் சங்கிலி பாறையில் அரைபடும் சத்தம் குழி முழுக்க நிரம்பியது. இயந்திரம் குவியலை நோக்கி நகர்ந்தது.

அன்பழகன் ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனான். பிறகு திரும்பிச் சரிவுப் பாதையில் வேகமாக ஏறத் தொடங்கினான். ஏன் போகிறான் என்று வினோலியா திரும்பிப் பார்த்தாள்.

வாளி மேலே உயர்ந்தது. இறங்கப் போனது.

"நிறுத்து! எறக்காத! எறக்காத!"

துண்டை உருவி வீசிக்கொண்டே குணசீலன் ஓடி வந்தான். ஹிட்டாச்சிக்கும் குவியலுக்கும் நடுவில் போய்க் கைகளை விரித்து நின்றான். வாளியின் இரும்புப் பற்கள் அவன் தலைக்கு மேலே ஆடி நின்றன.

"ஆஃப் பண்ணுப்பா! உள்ள வெடிக்காத குழி கெடக்குது!"

இயந்திரம் அணைந்தது. அந்த அமைதியில் அடித் தண்ணீரில் எங்கோ ஒரு சிறு கல் விழும் சத்தம் கேட்டது.

"இயேசுவே," என்றாள் வினோலியா மெதுவாக.

கோட்டாட்சியர்தான் முதலில் பேசினார். "என்ன குழி?"

"மேல வரிசையாக் குழி போட்டு மருந்து கெட்டிச்சமுங்க. எல்லாம் வெடிச்சுச்சு. ஒண்ணு மட்டும் வெடிக்கலீங்க. அந்தப் பாறையோட அது கீழ சரிஞ்சிருச்சு. தோட்டா, அத வெடிக்க வெக்கற கேப்பு எல்லாம் அப்படியே உள்ள இருக்குதுங்க. இரும்பு பட்டாப் போதுமுங்க."

"யாரு வெச்சா?"

"குழி போட்டது நானுங்க."

"எப்ப?"

குணசீலன் மேலே, குடை தெரிந்த இடத்தைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"மாரியம்மன் நோம்பி அன்னைக்குங்க. வாணம் உட்ட நேரத்துல."

வசந்தாமணிக்கு அந்தத் திருவிழா இரவு நினைவுக்கு வந்தது. கோயில் பக்கம் அடுக்கடுக்காக வெடித்த வாணங்கள். வாசலில் நின்று வேடிக்கை பார்த்திருந்தாள். ஒரு சத்தத்துக்கு மட்டும் காலடி மண் அதிர்ந்தது. பெரிய வாணம் போல என்று தனப்பிரியாவிடம் சொல்லிச் சிரித்தும் இருந்தாள்.

நோம்பிக்கு முந்தைய வாரமே தடையுத்தரவு வந்துவிட்டது.

"யாரும் ஓடாதீங்க," என்றார் கோட்டாட்சியர். குரல் உறுதியாக இருந்தது. "ஒருத்தர் பின்னால ஒருத்தரா ஏறுங்க. வந்த தடத்துலயே கால வைங்க."

ஏறும்போது வசந்தாமணி ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தாள். எந்தக் கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மேலே வந்து சேர்ந்ததும் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

*

குவாரி ஆபீஸ் தகரக் கூரையின் கீழ் குணசீலனை உட்கார வைத்தார்கள். அவன் சொல்வதை எழுதிக்கொள்ளக் கோட்டாட்சியரின் உதவியாளர் தயாரானார்.

வினோலியா அவன் எதிரில் போய் நின்றாள்.

"குணசீலன், ஒண்ணு தெரிஞ்சுக்க. நான் உங்கம்மாவோட வக்கீல். உனக்கு நான் பேச முடியாது. நீ இப்ப சொல்றது எல்லாம் அறிக்கையில ஏறி தீர்ப்பாயத்துக்குப் போகும். உனக்குன்னு ஒரு வக்கீல் வர்ற வரைக்கும் பேசாம இருக்க உனக்கு உரிமை இருக்கு."

"நாஞ் சொல்லிர்றனுங்க," என்றான் அவன். "உள்ள வெச்சுட்டுத் தூங்க முடியலீங்க."

வசந்தாமணி அவனை நெருங்கினாள். அடிக்கப் போகிறாள் என்றே சுற்றியிருந்தவர்கள் நினைத்தார்கள். அவள் அவன் தலையில் ஒட்டியிருந்த கல்தூளைத் தட்டிவிட்டாள்.

"ஏஞ் சாமி? உன்ற தங்கச்சி கட்டில்ல வந்து உழுந்த கல்லு பறந்த எடமல்லோ இது?"

"பெரியப்பா கூப்பிட்டு உட்டாருங்ம்மா. வெடி வெச்சு எல்லைக்கல்ல மூடீட்டா கேஸு நிக்காது, எல்லாரும் பழையபடி இருக்கலாம்னாரு. நா முடியாதுன்னேன்."

"பொறவு?"

"'உங்கம்மா இருட்டோட தனியா பால் ஊத்தப் போறா, ரோட்டுல லாரி வர்றது தெரியாது'ன்னாரு. அவ்வளவுதானுங்ம்மா சொன்னாரு."

வசந்தாமணியின் கை அவன் தலையிலேயே நின்றுவிட்டது. வளைவில் நிற்கும் வெள்ளைக் கார் கண்ணுக்குள் வந்தது.

"குழி ஒண்ணு வெடிக்கலேன்னு அன்னிக்கே அன்பழகன்கிட்டச் சொன்னேன். குழு வந்துட்டுப் போகட்டும், அப்பறம் பாக்கலாம்னு வாய அடைச்சுட்டாங்க. மனசு கேக்காமத்தான் இன்னைக்குப் பட்டறைக்குப் போகாம இங்க வந்து நின்னேன். குழு மேல நின்னே பாத்துட்டுப் போயிரும்னு நெனச்சேன். நீங்க கீழ எறங்கி வருவீங்கன்னு நெனைக்கலீங்ம்மா."

அவள் வினோலியாவைத் தனியே அழைத்துப் போனாள்.

"ஜெயிலுக்குப் போவானுங்களா?"

பொய் சொல்ல வினோலியாவுக்கு மனம் வரவில்லை.

"தீர்ப்பாயத்தோட உத்தரவ மீறினா சிறைத் தண்டனை வரைக்கும் சட்டத்துல இடம் இருக்கும்மா. வெடிமருந்து வழக்கு தனியா வரும். மிரட்டி வேலை வாங்கினாங்க, உயிருங்களக் காப்பாத்த அவனே முன்வந்து சொன்னான், இதெல்லாம் அவனுக்குச் சாதகம். ஆனா இன்னைக்கே இப்பிடித்தான்னு நான் சொல்ல முடியாது."

"நான் கேஸ வாபஸ் வாங்கீட்டா?"

"மனு உங்களோடது. வாபஸ் கேக்கலாம். ஆனா குழு கண்ணால பாத்தாச்சு. அவங்க அறிக்கை போயே தீரும். நீங்க விலகினாலும் தீர்ப்பாயம் தானாவே வழக்க எடுத்து நடத்த முடியும். அப்ப அந்த ரூம்ல உங்க பையனுக்கு ஏன் இப்பிடி ஆச்சுன்னு சொல்ல ஒரு ஆள் இருக்காது."

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வெங்கடாசலம் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. எப்போதும்போல் சாந்தமான குரல்.

"அம்மிணி, ஊட்டு விசயத்த ஊட்டுக்குள்ளயே முடிச்சிருக்கலாம்."

வசந்தாமணி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணும் கெட்டுப் போயிறல," என்றார் அவர். "நீ மனுவ வாபஸ் வாங்கு. தடை வர்றதுக்கு முந்தி வெச்ச வெடின்னு பையன் மாத்திச் சொல்லட்டும். பயத்துல நாள் கொழம்பீட்டான்னு நானே சொல்றேன். அவனுக்கு ஒண்ணும் வராது."

"இல்லீன்னாங்க மாமா?"

"இல்லீன்னா எனக்கு ஒண்ணுமே தெரியாது. அவனாக் குழி போட்டான், அவனா வெடி வெச்சான். அம்மாளும் மகனும் சேந்து என்ற தொழிலக் கெடுக்கப் பண்ணுன வேலைன்னு சொல்லுவேன். என்ற ஆளுக அத்தன பேரும் அதையேதான் சொல்லுவாங்க."

வினோலியா முன்னால் வரப்போனாள். வசந்தாமணி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிடித்த கையை விடாமலே பேசினாள்.

"அந்த வாளி எறங்கியிருந்தா நானும் அங்கயே செத்திருப்பனுங்க மாமா. ஆத்தா நிக்கறான்னு பாத்துட்டு எம்பையன் ஓடியாந்தான். நீங்க மேல நின்னு பாத்துட்டேதான் இருந்தீங்க. ஒரு வார்த்த சத்தம் போட்டீங்களா? கொடையக்கூட மடக்கலீங்க."

வெங்கடாசலத்தின் முகத்தில் எதுவும் மாறவில்லை.

"வாபஸ் இல்லீங்க மாமா. சென்னைக்கு நானே வாரேன். அங்க கேக்கட்டும், சொல்லிக்கறேன்."

அவர் குடையை மறுபடியும் விரித்தார். "கந்தப்பனக் கேட்டுட்டுப் பேசு அம்மிணி," என்றார். கந்தப்பனுக்கு இதில் என்ன என்று வசந்தாமணிக்கு விளங்கவில்லை.

*

பொழுது சாயத் தொடங்குவதற்குள் ஊரே போலீசாக ஆகிவிட்டது. சேலத்திலிருந்து வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவு வந்து சேர்ந்தது. அந்த மருந்தைத் தோண்டி எடுக்க முடியாது, இருக்கும் இடத்திலேயே வெடிக்க வைப்பதுதான் வழி என்று அவர்கள் சொன்னார்கள். ஊரில், கரட்டுப்புதூரில், குவாரிக்கு அருகே இருக்கும் வீடுகள் எல்லாம் காலியாக வேண்டும். ஆடு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள்.

குணசீலனை ஜீப்பில் ஏற்றியிருந்தார்கள். விலங்கு போடவில்லை. மீதி வெடிமருந்து எங்கே என்று இன்ஸ்பெக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"அன்பழகன் வேன்ல ஏத்தீட்டுப் போனாருங்க. எங்கீன்னு எனக்குத் தெரியாதுங்க."

"அன்பழகன் எங்க?"

அது யாருக்கும் தெரியவில்லை. சரிவுப் பாதையில் ஏறிப் போனவனை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. அவன் போன் அணைந்திருந்தது.

ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத் தெருவாகப் போயிற்று. "பொதுமக்கள் அனைவரும் கந்தப்பன் தென்னந்தோப்புக்கு வந்து சேரவும். அங்கேயே அமைதியாக இருக்கவும்."

குவாரிக்கும் தோப்புக்கும் நடுவே ஒரு மேடு இருந்தது. கல் பறந்தாலும் அங்கே வராது. அதிகாரிகள் நன்றாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

வசந்தாமணி மகளைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப் போனாள். தோப்பில் அதற்குள் நல்ல கூட்டம். பக்கத்து வீட்டு மஞ்சுளா குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஆடுகள் கத்தின. தனப்பிரியாவுக்குக் கால் வீங்கியிருந்தது. மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து உட்கார யாரோ இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். அவள் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

அப்போது கந்தப்பன் வந்தான்.

வரப்பில் ஓடி வந்தவன் கூட்டத்தைப் பார்த்து நின்றான். மோட்டார் ரூமைப் பார்த்தான். அதில் சாய்ந்திருக்கும் மகளைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"வசந்தா."

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். மனு போட்ட பிறகு அவன் வாயிலிருந்து அவள் பெயர் வருவது இதுதான் முதல் முறை.

"புள்ளைய எழுப்பு. எல்லாத்தையும் எழுப்பு. இங்க ஆரும் உக்காரக் கூடாது."

"ஏனுங்க? என்னாச்சு?"

அவன் அவள் காதருகே குனிந்தான்.

"உள்ள இருக்குது."

"என்ன இருக்குது?"

"அந்த மருந்துப் பொட்டிக. நோம்பி முடிஞ்ச மக்யா நாளு அன்பழகன் வேன்ல கொண்டாந்தான். குழு போற வரைக்கும் இருக்கட்டும்னான். வெங்கடாசலம் அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தாரு. இத வெச்சுக்கிட்டாக் கொணசீலன் பேரு எங்கியும் வராமப் பாத்துக்கறேன்னாரு."

வசந்தாமணி கணவனையே பார்த்தாள். மகன் குழி போட்டது இவனுக்குத் தெரியும். தெரிந்தும் இத்தனை நாள் தட்டில் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு எழுந்து போயிருக்கிறான். அம்மாவுக்காகப் பயந்து மகன் ஒன்றைச் செய்தான். மகனுக்காகப் பயந்து அப்பன் இன்னொன்றைச் செய்தான். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது தனப்பிரியாவின் முதுகுக்கும் அந்தப் பெட்டிகளுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் விசில் ஊதினார்கள். வெடிக்க வைப்பதற்கு முன்னால் ஊதும் முதல் விசில்.

கோபப்பட அவளுக்கு நேரமில்லை. இன்ஸ்பெக்டரை நோக்கி நடந்தாள். இரண்டு அடி போயிருப்பாள். கந்தப்பன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

தடுக்கப் போகிறான் என்று நினைத்தாள்.

"நீ சொல்ல வேண்டாம்," என்றான். "பையன் சொன்னான். நானும் சொல்லிக்கறேன். நீ புள்ளையக் கூட்டீட்டு அக்கட்டாலப் போ."

அவன் கைகளைக் கும்பிட்டபடி இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றதை ஜீப்புக்குள் இருந்த குணசீலன் பார்த்தான். என்ன பேசுகிறார்கள் என்று அவனுக்குக் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் சட்டென்று வாக்கிடாக்கியை எடுத்துக் கத்தியது மட்டும் கேட்டது.

"நிறுத்துங்க! வெடிக்க வேண்டாம்! எல்லாத்தையும் நிறுத்துங்க!"

பிறகு தோப்பே கலைந்தது. யாருக்கும் காரணம் சொல்லப்படவில்லை. சொல்லாமலே பயம் பரவிவிட்டது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வரப்பில் ஓடினார்கள். வாய்க்காலில் ஒரு ஆடு விழுந்தது. வசந்தாமணி மகளை இடுப்போடு அணைத்துக்கொண்டு, ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், தார்ச்சாலை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தாள். வினோலியா இன்னொரு பக்கம் தாங்கிக்கொண்டாள்.

அங்கிருந்து பார்த்தால் மோட்டார் ரூமின் கதவு தெரிந்தது.

வெடிகுண்டுப் பிரிவு ஆள் ஒருவர் கவச உடையில் நடந்து போனார். கந்தப்பன் கொடுத்த சாவியால் பூட்டைத் திறந்தார். கதவை அங்குலம் அங்குலமாகத் தள்ளினார். உள்ளே போனார்.

தனப்பிரியா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவர் வெளியே வர நேரமாயிற்று. வந்ததும் தலைக்கவசத்தைக் கழற்றினார். இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கையை விரித்தார்.

"உள்ள மோட்டார் மட்டுந்தான் சார் இருக்கு. வேற ஒண்ணுமில்ல. பின்பக்கம் மேல்கூரைத் தகடு ஒண்ணு கழண்டு கெடக்கு. தரையில பெட்டி இழுத்த தடம் இருக்கு."

கந்தப்பன் தள்ளாடினான். ஒரு கான்ஸ்டபிள் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"இருந்துச்சுங்க," என்றான். "விடியால மோட்டார் போடறப்பப் பாத்தனுங்க. தார்ப்பாய் போட்டு மூடி, அடுக்கி இருந்துச்சுங்க. சத்தியமா இருந்துச்சுங்க."

"ஊரே குவாரிகிட்ட நின்னப்ப எடுத்திருக்காங்க," என்றாள் வினோலியா, தனக்குத்தானே சொல்வதுபோல்.

இன்ஸ்பெக்டர் சாலையில் கூடியிருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு வீடுகளை, கோயிலை, பால் சங்கத்தை, பள்ளிக்கூடத்தை. ஒவ்வொன்றாக அவர் பார்வை போய்த் திரும்பியது. எந்தப் பக்கம் ஆளனுப்புவது என்று அவருக்கே தெரியவில்லை என்பதை வசந்தாமணி அந்த முகத்தில் கண்டாள்.

தனப்பிரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நிமிர்ந்தபோது நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"அம்மா, வலிக்குது."

"பயத்துல இருக்கும் சாமி..."

"இல்லீங்ம்மா. இது அந்த வலி."

அவள் அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, இருட்டத் தொடங்கிய ஊரைப் பார்த்தாள்.

"இப்ப எந்தப் பக்கமுங்ம்மா போறது?"